அந்த வரி அங்கே என்ன செய்கிறது?

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் ஆனியில் வந்தது. இப்போது புரட்டாசி. ஒரு வரிகூடப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். திட்டுவதை எல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி.

இங்கே எல்லாரும் நலம். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. டாலஸ் வெயில் இன்னும் குறையவில்லை. சரோஜா பேரனுக்குக் கல்யாணமாமே? பத்திரிகையில் 'நல்வாழ்த்துகள்' என்பதற்கு நடுவே 'க்' போட்டாளா என்று மட்டும் எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

நான் இப்போது உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் பேத்தி யாழினி. பதினோராம் வகுப்பு வந்துவிட்டாள். இங்கே அமெரிக்காவில் கல்லூரிக்குப் போக எஸ்ஏடி என்று ஒரு தேர்வு, உனக்குத் தெரிந்திருக்கும். மொத்தம் 1600 மதிப்பெண். பாதி கணக்கு, பாதி ஆங்கிலம். முன்பெல்லாம் தாளில் நடக்குமாம். 500, 600 சொல்லுக்கு நீளமான பகுதி ஒன்றைக் கொடுத்துப் பத்துக் கேள்வி கேட்பார்களாம். இப்போது எல்லாம் கணினியில். 25 சொல்லிலிருந்து 150 சொல்லுக்குள் ஒரு குட்டிப் பத்தி, அதற்கு ஒரே ஒரு கேள்வி. ஆங்கிலத்துக்கு மட்டும் 54 கேள்வி, 64 நிமிடம். வகுத்துப் பார்த்தேன், ஒரு கேள்விக்கு 71 விநாடிதான் வருகிறது. நாம் ஒரு குறளுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படித்தவர்கள்.

கணக்கில் பிள்ளை கெட்டி. ஆங்கிலத்தில்தான் ஒரே வகைக் கேள்வியில் திரும்பத் திரும்பத் தப்பு. பத்தியில் ஒரு வாக்கியத்துக்கு அடிக்கோடு போட்டிருப்பார்கள். அந்த வாக்கியம் மொத்தப் பத்திக்குள் என்ன வேலை செய்கிறது என்று கேட்பார்கள். நாலு விடை கொடுத்திருப்பார்கள். பயிற்சித் தேர்வில் இந்த வகையில் வந்த மூன்றையும் தப்பாகப் போட்டுவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "ஆச்சி, எனக்கு அந்த வாக்கியம் நல்லாப் புரியுது. புரிஞ்சும் ஏன் தப்பாகுது?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை முப்பத்தொரு வருஷம் வகுப்பெடுத்த என்னிடம் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் பாடம் நடத்தவில்லை என்பதுதான் நிஜம்.

நாம் என்ன கேட்டோம்? 'இவ்வரியின் பொருள் யாது?' அவ்வளவுதான். அந்த வரி ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் எது சாயும் என்று கேட்டிருக்கிறோமா? சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. 'மழை வருகிற மாதிரி இருக்கிறது' என்று உன் மாமியார் திண்ணையிலிருந்து சொன்னால் அது வானிலை அறிக்கையா? கொடியில் கிடக்கிற துணியை எடு என்று அர்த்தம். நீயும் போய் எடுத்துவிட்டுத்தானே வருவாய்? வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இந்தக் கலை தாளில் அச்சாகி வந்தால் மட்டும் மறந்துபோகிறது.

சரி என்று அவளுக்காக நானே ஒரு பத்தி எழுதினேன். வௌவாலைப் பற்றி. இங்கே நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். எழுதியது இதுதான்:

'வௌவாலுக்கு இருட்டிலும் கண் தெரியும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1790களில் இத்தாலியின் ஸ்பல்லன்சானி அதன் பார்வையை மறைத்துப் பறக்க விட்டார். எதிலும் மோதாமல் பறந்தது; காதை அடைத்தபோதோ தடுமாறி மோதியது. ஆனால் வௌவாலிடமிருந்து எந்தச் சத்தமும் யாருடைய காதிலும் விழவில்லை என்பதால், காதால் வழி அறிகிறது என்ற முடிவைப் பலரும் ஏற்கவில்லை. 1938இல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டொனால்ட் கிரிஃபின், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவியின் முன் வௌவாலைக் கொண்டுபோய் வைத்தார். அது ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது தெரிந்தது.'

நாலாவது வாக்கியத்துக்கு அடிக்கோடு. விடைகள்: ஒன்று, ஸ்பல்லன்சானியின் சோதனை தவறு என்று மறுக்கிறது. இரண்டு, வௌவால் எப்படிச் சத்தம் எழுப்புகிறது என்று விளக்குகிறது. மூன்று, சரியான கண்டுபிடிப்பு ஏன் ஏற்கப்படாமல் கிடந்தது என்று காரணம் சொல்கிறது. நாலு, கிரிஃபினின் கருவியை அறிமுகப்படுத்துகிறது.

யாழினி யோசிக்காமல் முதலாவதைத் தொட்டாள். ஏன் என்றேன். "'ஆனால்'னு ஆரம்பிக்குதே ஆச்சி, அப்ப மறுப்புதானே?" பார், இங்கேதான் பிள்ளைகள் விழுகிறார்கள். 'ஆனால்' என்று வந்தால் ஏதோ ஒன்று திரும்புகிறது என்பது மட்டும்தான் உறுதி. எது திரும்புகிறது, யார் திருப்புகிறார்கள் என்பதை வாக்கியத்துக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். அங்கே மறுப்பவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். பத்தியை எழுதியவர் மறுக்கவில்லை. அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்வதும் தானே சொல்வதும் ஒன்றாகுமா?

என் கட்டைவிரலால் அந்த நாலாவது வாக்கியத்தை மூடினேன். "இப்ப படி" என்றேன். படித்தாள். மூன்றாவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போனபோது நாக்கு தட்டியதுபோல நின்றாள். "1790ல கண்டுபிடிச்சாச்சு. அப்புறம் 1938 வரைக்கும் சும்மாவா இருந்தாங்க? நடுவுல என்ன ஆச்சு?" என்றாள். அந்த 'நடுவுல என்ன ஆச்சு' என்பதற்குப் பதில்தான் விரலுக்கடியில் இருந்தது. கிட்டத்தட்ட 140 வருஷ இடைவெளிக்குப் பாலம் அந்த ஒரு வாக்கியம். விரலை எடுத்தேன். மூன்றாவது விடையை அவளாகவே தொட்டாள். கோமதி, அவள் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து தினம் இதே வேலை. விடைகளைப் பார்க்கும் முன்னால் அந்த வாக்கியம் செய்கிற வேலையை ஒரு வினைச்சொல்லில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். தாங்குகிறது, திருப்புகிறது, குறுக்குகிறது, உதாரணம் காட்டுகிறது, ஐயத்தைக் கிளப்புகிறது, இப்படி. முதலில் விடைகளைப் பார்த்தால் போச்சு. பத்தியில் உள்ள விஷயத்தையே சொல்லி, வேலையை மட்டும் மாற்றி ஒரு விடை வைத்திருப்பார்கள். இன்னொன்று பக்கத்து வாக்கியம் செய்கிற வேலையாக இருக்கும், நான் நாலாவது விடையில் வைத்த மாதிரி. படிக்கும்போது எல்லாமே நிஜம்போலத் தோன்றும்.

வேலைக்குப் பெயர் தேடப் போனபோதுதான் நீ நினைவுக்கு வந்தாய். நன்னூலின் 32 உத்தி! விடுதியில் மூன்றாம் நம்பர் அறையை ஒட்டித் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, 'நுதலிப் புகுதல் ஓத்துமுறை வைப்பே' என்று நீ ஆரம்பிப்பாய், நான் முடிப்பேன், மெஸ் ரெங்கம்மா கையில் கரண்டியோடு எட்டிப் பார்ப்பாள். பாயிரம் முழுக்கத் தலைகீழாகத் தெரியும் நமக்கு. பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்ததை, ஐந்து மதிப்பெண் வினா என்று மட்டும் படித்தோம். இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது. தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல், எடுத்துக் காட்டல், முடித்துக் காட்டல். இது எல்லாமே, சொல்லப்படுகிற ஒன்று அந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதற்கான பெயர்தானே! பிறன் கோட் கூறல் என்று ஒன்று இருக்கிறதே, யாழினி சறுக்கிய இடம் அதுதான். அடுத்தவர் கொள்கையை எடுத்துச் சொன்னதை, எழுதியவரின் கொள்கை என்று நினைத்துவிட்டாள். இரண்டு கருத்து இருக்கும் இடத்தில் ஒன்றைத் துணிந்து சொன்னால் ஒருதலை துணிதல். ஆங்கிலப் பத்திகளில் கடைசி வாக்கியம் பாதி நேரம் இதைத்தான் செய்கிறது.

நூல் எழுதுகிறவனுக்குச் சொன்ன உத்தியை வாசிக்கிறவளுக்குத் திருப்பிவிடலாமா என்று நீ மூக்கை விடைத்துக்கொண்டு கேட்பாய். கேள். எழுதுகிறவன் எந்த உத்தியால் கட்டினானோ அதைத் தெரிந்துகொண்டவர்தான் கட்டடத்தை வாசிக்க முடியும் என்பது என் கட்சி.

அதைவிட அருமை, ஒரு சூத்திரம் மற்றச் சூத்திரங்களோடு எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்று அதே நன்னூல் சொல்கிற சூத்திர நிலை. ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. யாழினிக்குப் படம் போட்டுக் காட்டினேன். முன்னதன் பின்னதாக இடைவிடாமல் ஓடினால் ஆறு. முன்னையும் பின்னையும் ஒருசேரப் பார்த்தால் சிங்கம். நடுவில் உள்ளதைத் தாண்டி அப்பால் உள்ளதோடு சேர்ந்தால் தவளை. எங்கிருந்தோ சட்டென்று இறங்கி, வேண்டியதைக் கவ்விக்கொண்டு போய்விட்டால் பருந்து. வௌவால் பத்தியின் நாலாவது வாக்கியம் எது என்று கேட்டேன். "சிங்கம்! பின்னாடி சோதனையைப் பார்க்குது, முன்னாடி கருவியைப் பார்க்குது" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் வாயில் அரிமா நோக்கம்! பயிற்சித் தாளின் ஓரத்தில் இப்போது குட்டிக் குட்டியாகச் சிங்கமும் தவளையும் வரைந்து வைத்திருக்கிறாள். போன வாரம் அந்த வகையில் நாலுக்கு நாலும் சரி.

ஆனாலும் மனம் முழுக்க நிறையவில்லை. நூறு சொல்லுக்குள் ஒரு வாக்கியத்தின் வேலையைக் கண்டுபிடிப்பது ஒரு பயிற்சி, சரி. முந்நூறு பக்கப் புத்தகத்தில், நாற்பதாம் பக்கத்து வாக்கியம் இருநூறாம் பக்கத்தில் வேலை செய்யுமே, அந்தத் தவளைப் பாய்ச்சலை இந்தப் பிள்ளைகள் எங்கே பார்க்கப் போகிறார்கள்? பத்தியைப் பிய்த்து எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டால், முழுப் புத்தகத்துக்குள் போகிற பொறுமை எப்போது வரும்? மகளிடம் சொன்னேன். "தேர்வு முடியட்டும்மா" என்கிறாள். தேர்வு முடிந்தால் அடுத்த தேர்வு வரும். எனக்கு இது பெரிய கவலையாகவே இருக்கிறது. தினம் ராத்திரி அவளோடு உட்கார்ந்து ஒரு அத்தியாயமாவது முழுசாக வாசிக்கிறோம், கடிகாரத்தைப் பார்க்காமல்.

இப்போது உன் விஷயம்.

இந்தப் பழக்கம் ஏறிவிட்டதால், போன செவ்வாய்க்கிழமை உன் ஆனிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். முதல் தடவை படித்தபோது சிரித்துக்கொண்டே படித்தது நினைவிருக்கிறது. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது, கூட்டம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கடுத்து, 'இப்போதெல்லாம் நான் மாடிக்குப் போவதில்லை' என்று ஒரு வரி. அதற்கடுத்து அண்ணாச்சி மாங்காய் பறிக்கக் கொக்கியோடு நின்ற கதை. ஒன்றரைப் பக்கத்துக்கு மாங்காய்.

அந்த வரியின் மேல் விரலை வைத்து மூடினேன். சாரலுக்கும் மாங்காய்க்கும் நடுவில் எதுவும் குறையவில்லை. அழகாக ஒட்டிக்கொண்டது. அப்படியானால் அந்த வரி எதற்கு வந்தது? முன்னோடும் சேரவில்லை, பின்னோடும் சேரவில்லை. பருந்து மாதிரி இறங்கியிருக்கிறது.

உன் மாடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? உன் புத்தகம் அத்தனையும் அங்கேதான். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி அங்கேதான். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து சாயங்காலம் ஒரு மணி நேரமாவது அங்கே உட்காராமல் உனக்குப் பொழுது போனதில்லை. நீ மாடிக்குப் போவதில்லை என்று எழுதினால், அது படிக்கட்டைப் பற்றிய செய்தியா? அதை எழுதிவிட்டு, நான் கேட்டுவிடுவேனோ என்று உடனே மாங்காய்க்குத் தாவியிருக்கிறாய். நானும் உன் பின்னாலேயே மாங்காய்க்குப் போய்விட்டேன். மூன்று மாதம், கோமதி. என்னை மன்னித்துவிடு.

முழங்காலா? மூச்சு வாங்குகிறதா? இல்லை, மேலே போய் எழுத்துத் தெரியவில்லை என்று கீழேயே இருந்துவிடுகிறாயா? உன் கையெழுத்து கடைசிப் பக்கத்தில் கோட்டை விட்டு இறங்கியிருந்ததையும் இப்போதுதான் கவனித்தேன். கண் என்றால் தள்ளிப்போடாதே. திருநெல்வேலிக்குப் போய் நல்ல கண் மருத்துவரிடம் காட்டு. போனில் கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணுமில்லடி' என்று நீ முடித்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். எழுத்தில் உனக்குப் பொய் வராது. அண்ணாச்சிக்குத் தெரியுமா என்பதையும் எழுது. தெரியாது என்றால் நான் சொல்ல மாட்டேன், ஆனால் நீ சொல்ல வேண்டும்.

ஐப்பசியில் மாப்பிள்ளையின் தங்கை தென்காசி வருகிறாள். அவள் கையில், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற, விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்று கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடாதே. அவள் வரும்போது ஆள் வைத்து முதல் அலமாரிப் புத்தகங்களையாவது கீழே கூடத்துக்கு இறக்கச் சொல்லியிருக்கிறேன். நாற்காலியையும்.

பதில் ஒரு பக்கம் போதும். மாங்காய் வேண்டாம்.

உன்
வசந்தா

பி.கு.: யாழினி உனக்கு ஒரு பருந்து வரைந்து தந்திருக்கிறாள், உள்ளே வைத்திருக்கிறேன். கால் மூன்று இருக்கிறதே என்று கேட்டால் ஒன்று கவ்வியிருக்கிற இரையாம்.