பாதி தீர்ந்த கண் மருந்தைக் கைமாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தம்பலகாமத்து வயல்களில் அறுவடை தொடங்கிவிட்டது. கண் சிவந்து வருபவர்களும் பெருகிவிட்டார்கள். எந்தச் சிவப்பானாலும் சாதாரணமாகத் தொற்றும் கண்நோய்தான் என்று முடிவுகட்டி, அயல்வீட்டு அலுமாரியில் கிடக்கும் பாதிப் போத்தலை வாங்கி விட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே ஊறிப்போயிருக்கிறது.

சென்ற போகத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்குக் கண்ணில் நெல் உமி பட்டது. பாமசி ஒன்றில் மருத்துவரின் சீட்டைக் கேட்காமலே ஸ்டீரொயிட் கலந்த துளிமருந்தைக் கொடுத்தார்கள். சிவப்பு வெளுத்தது, வலி போகவில்லை. சில நாட்கள் கழித்து மகள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது கருவிழியில் அரிசிக் குறுணையளவு வெள்ளைப் பொட்டு. வைத்தியசாலை விடுதியில் வைத்து மணிக்கொரு தடவை மருந்து விட்டுக் கண்ணைக் காப்பாற்றினார்கள். தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் எதிரே வருபவரின் முகம் அவருக்குத் தெரிவதில்லை.

உமியும் வைக்கோலும் கீறிய இடத்தில் பற்றீரியா மட்டுமல்ல, பூஞ்சணமும் புகும். ஸ்டீரொயிட் சிவப்பை அடக்கிவிட்டுக் கிருமியை உள்ளே வளரவிடும். வலி, வெளிச்சத்தில் கண் கூசுதல், துடைத்தும் தெளியாத பார்வை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகவேண்டும். கொன்டாக்ட் லென்ஸ் அணியும் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். லென்ஸை உடனே கழற்றிவிட வேண்டும்.

சாதாரண பற்றீரியாக் கண்நோயில் காலையில் மஞ்சள் பீளை இமைகளை ஒட்டிவிடும், துடைக்கத் துடைக்க ஊறும். கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடைத்து, துவாயையும் தலையணை உறையையும் தனியாக வைத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே மாறும். மருத்துவர் தரும் குளோரம்பெனிகோல் போன்ற, பற்றீரியாவுக்கு எதிரான துளிகள் அதை விரைவுபடுத்தும். தடிமனோடு வந்து நீர் மட்டும் வடியும் வைரஸ் கண்நோய்க்கு இந்தத் துளிகளால் பயனில்லை. திறந்து நான்கு வாரமான போத்தலை வீசிவிடுங்கள்.

பிறந்து ஒரு மாதமாகாத குழந்தையின் இமை வீங்கிச் சீழ் வடிந்தால் தாய்ப்பால் பீய்ச்சிக் காத்திருப்பது பெரும் ஆபத்து. உடனே வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

விவசாயிகள் கூடும் கமநல சேவை நிலையங்களில் இந்த அறிகுறிகளை எழுதி ஒட்டும்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன். பாமசிக்காரர்கள் சீட்டின்றி ஸ்டீரொயிட் துளிகளை விற்பதை இந்த அறுவடையிலிருந்தே நிறுத்தவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
தம்பலகாமம், திருகோணமலை.