நம்பிக்கைக்குச் சான்றிதழ் எதற்கு?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. இயற்பியல் படிக்கப் படிக்கக் கடவுள் நம்பிக்கை கரைந்துகொண்டே போகிறது என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில் மன்னிப்பு வேறு. எதற்கம்மா மன்னிப்பு? மனத்தில் உள்ளதை என்னிடம் மறைக்காமல் சொன்னதற்கா? எனக்கு நம்பிக்கை உண்டு. அது உனக்கும் இருந்தாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

உன் சித்தப்பா ஒரு காணொளியை அனுப்பி, "பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பே கடவுளுக்குச் சான்று" என்று வாதாடினார் என்றாயே, அதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. நீ மறுத்ததற்காக அல்ல. நம்புகிறவர்களே இப்படிப் பேசலாமா என்றுதான்.

ஜார்ஜ் லெமெத்ர் பெயரை நீ பாடத்தில் பார்த்திருப்பாய். பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் கணக்குப் போட்டுக் காட்டியவர். கணக்கு சரி, ஆனால் இயற்பியல் சகிக்க முடியாதது என்ற பொருளில் ஐன்ஸ்டைன் அவரிடமே சொன்னார். 1929இல், விண்மீன் கூட்டங்கள் விலகிப் போவதைக் காட்டிய வானியலாளர் ஹப்பிளின் அளவீடுகள் வந்த பிறகு காற்று மாறியது. 1931இல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று லெமெத்ர் எழுதினார். பெருவெடிப்புக் கோட்பாட்டின் தொடக்கம் அதுதான். பாதிரியார் வேதத்தைப் பின்வாசல் வழியாக அறிவியலுக்குள் கொண்டுவருகிறார் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

இருபது ஆண்டு கழித்து, 1951இல், போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலே படைப்புக்குச் சாட்சி சொல்வதுபோல் பேசினார். வேறு யாராக இருந்தாலும் உச்சி குளிர்ந்திருப்பார்கள். லெமெத்ருக்குப் பிடிக்கவில்லை. என் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது, கடவுளை மறுப்பவரும் அதைத் தாராளமாக ஏற்கலாம் என்பது அவர் நிலை. தம் திருச்சபையின் தலைவர் கொடுத்த பெருமையையே வேண்டாம் என்ற அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் நம்பிக்கை பலவீனமானதாக இருந்திருந்தால், அந்தச் சான்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருப்பார்.

சான்றைப் பிடித்துக்கொள்வதில் உள்ள ஆபத்து நியூட்டனுக்கே நேர்ந்தது. கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் காலப்போக்கில் ஒழுங்கு குலையும், அதைக் கடவுள் அவ்வப்போது சீர்செய்ய வேண்டியிருக்கும் என்று அவர் எண்ணினார். வியாழன், சனி ஆகியவற்றின் போக்கில் தெரிந்த பிசகு ஈர்ப்பு விசையாலேயே ஏற்பட்டுத் திரும்பவும் சரியாவது என்று 1780களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கணக்கில் காட்டிவிட்டார். தெரியாத இடத்திலெல்லாம் கடவுளை உட்காரவைத்தால், தெரிய வரும்போதெல்லாம் அவரை எழுப்பிவிட வேண்டியதுதான்.

இன்னொன்றையும் நீ என்னிடம் கேட்கத் தயங்கியிருப்பாய். பிரார்த்தனை பலிக்கிறதா? அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2006இல் முடிவு வெளியானது. முன்பின் தெரியாதவர்கள் வேண்டிக்கொண்டதால் எந்த நன்மையும் தெரியவில்லை. தங்களுக்காக நிச்சயம் வேண்டுகிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் வந்தன. வேண்டுதல் உண்டா இல்லையா என்று தெரியாமல் இருந்தவர்களில் அது 52 சதவீதம். நம்புகிற சிலர் இதற்கு நூறு சமாதானம் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். பிரார்த்தனை மருந்து என்று யாராவது சொன்னால், அதை மருந்தைப் போலவே சோதிக்க வேண்டும், சோதித்தார்கள், தேறவில்லை. வேண்டிக்கொண்டால் போதும், மாத்திரையை நிறுத்திவிடு என்பவனை நான் பக்தன் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பூமியின் வயதைப் பற்றியோ நோயைப் பற்றியோ மதம் பேசினால், அங்கே தீர்ப்பு சொல்ல வேண்டியது உன் துறைதான்.

அப்படியானால் நான் எதற்காகப் பிரார்த்திக்கிறேன் என்று கேட்பாய். காரியம் ஆவதற்காக அல்ல. பயம் வரும்போது என் பயத்தைச் சொல்ல ஓர் இடம் வேண்டியிருக்கிறது. நன்றி சொல்லவும்தான், நன்றி பொங்கும்போது அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? இது உனக்கு வாதமாகத் தோன்றாது. வாதமாக எழுதவும் இல்லை.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார். அறிவியல் கடவுளை ஒழித்துவிட்டது என்று உன் நண்பன் சொல்வதும் சித்தப்பா செய்யும் காரியம்தான், திசை மட்டும் வேறு. 1979இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த மத நம்பிக்கை உள்ளவர், ஸ்டீவன் வைன்பெர்க் கடவுளை நம்பாதவர். தனித்தனியாக வேலை செய்து ஒரே கோட்பாட்டுக்கு வந்தார்கள். அந்தக் கணக்கைச் சரிபார்க்க அவர்களுடைய நம்பிக்கையை யாரும் கேட்கவில்லை.

விடுமுறைக்கு வரும்போது, நான் பிரார்த்தனை செய்யும் நேரத்தில் என் மனம் நோகக் கூடாதென்று பக்கத்தில் வந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டாம். அடுத்த அறையில் உன் புத்தகத்தைப் படி. முடித்துவிட்டு நானே வருகிறேன். சித்தப்பாவுக்கு என்ன பதில் எழுதுவது என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா