மைனர் லீக் பிட்சருக்கு என்ன சம்பளம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் இளைஞர்கள் இருவர், 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்காகப் பேஸ்பால் எறிந்து, அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியில் ஒப்பந்தம் ஆன கதையை விறுவிறுப்பாகச் சொல்லியிருந்தீர்கள். அதற்கப்புறம் நடந்ததை மட்டும் 'மைனர் லீக்கோடு முடிந்துபோனது' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அந்த வரிதான் மனதை உறுத்தியது.

ரிங்கு 2009-இல் பைரேட்ஸின் ஆகக் கீழ்மட்ட அணியில் தொடங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் மேற்கு வர்ஜீனியா அணி வரை ஏறினார். அந்தப் போட்டிக்கு முன் பேஸ்பால் ஆடியே பழக்கமில்லாதவர் அவர். முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்திராவிட்டால் இன்னும் சில படிகள் ஏறியிருக்கலாம். சிறு வயதிலிருந்தே இதற்கென்று வளர்க்கப்பட்ட அமெரிக்கப் பையன்களுக்கு நடுவே போய் அத்தனை வருடம் தாக்குப்பிடித்ததைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

பேஸ்பால் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே, அடியிலிருந்து மேலாக, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று நான்கு அணிகள், அவற்றுக்கும் கீழே பயிற்சி வளாக அணிகள். இவையெல்லாம் சேர்ந்ததுதான் மைனர் லீக். பந்தை எறிபவர் பிட்சர். மற்ற ஆட்டக்காரர்களைவிட இவர் உடம்புக்குத்தான் ஆபத்து அதிகம். முழங்கைத் தசைநார் அறுந்தால் மாற்று அறுவை செய்து திரும்பவும் எறிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். கை சரியாக இருந்தாலும் பெரும்பாலானோர் மேஜர் லீக்கைப் பார்க்காமலே ஓய்வு பெறுகிறார்கள்.

நான் இருப்பது வட கரோலினாவில், டர்ஹம் நகரில். இங்கே ட்ரிபிள் ஏ அணி ஒன்று உண்டு. ஆட்டம் பார்க்கப் போனால் என் கண் மைதானத்தைவிட அதிகம் போவது, அடிப்பவருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கைகளுக்குத்தான். அன்று எறியாத பிட்சர்கள் அங்கே வந்து உட்கார்வார்கள். ஒருவர் கையில் வேகம் அளக்கும் ரேடார் கருவி, பக்கத்தில் இருப்பவர் மடியில் அட்டை வைத்துச் செருகிய தாள். ஒவ்வொரு பந்துக்கும் என்ன வகை, என்ன வேகம், எங்கே விழுந்தது, அடிப்பவர் என்ன செய்தார் என்று கட்டம் கட்டமாகக் குறிப்பார்கள். சுற்றி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டும் கத்திக்கொண்டும் இருக்க, அவர்கள் தலை நிமிர்வதும் குனிவதுமாக மூன்று மணி நேரம் இருப்பார்கள். நாளைக்கோ மறுநாளோ அதே எதிரணிக்கு எறியப் போகிறவர்கள் அவர்கள்.

இந்த வேலைக்கு என்ன சம்பளம் தெரியுமா? சில ஆண்டுகளுக்கு முன்பு வரை சிங்கிள் ஏ-வில் மாதம் சுமார் 1,100 டாலர். அதுவும் ஆட்டம் நடக்கும் ஐந்து மாதங்களுக்கு மட்டும். வசந்தகாலப் பயிற்சி முகாமுக்குச் சாப்பாட்டுப் படி தவிரச் சம்பளம் கிடையாது. குளிர்காலத்தில் தானாகச் செய்ய வேண்டிய உடற்பயிற்சிக்கும் கிடையாது. ஒரு வீட்டில் ஐந்தாறு பேர் காற்றடைத்த மெத்தைகளில் படுத்து, ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டு, இரவெல்லாம் பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போவார்கள். ஒப்பந்தமோ அப்போது ஏழு ஆட்டப் பருவங்களுக்குக் கட்டிப்போட்டது. வேறு அணிக்குப் போகிறேன் என்று சொல்ல வழியில்லாமல் இருந்தது.

இதை மாற்றியவரும் ஒரு மைனர் லீக் பிட்சர்தான் என்பதால் இத்தனை சொல்கிறேன். பெயர் காரெட் பிராஷ்யூஸ். மிசூரிக்காரர். 2004-இல், அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கும் தேர்வில், சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி இவரை ஐந்தாம் சுற்றில் எடுத்தது. ஆறு பருவங்கள் எறிந்து ட்ரிபிள் ஏ வரை போனார், மேஜர் லீக் ஆட்டத்தில் பிட்சர் நின்று எறியும் மேட்டில் ஒருமுறைகூட ஏறவில்லை. பிறகு செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 2014-இல், படிப்பு முடிந்த கொஞ்ச காலத்திலேயே, ஆரன் சென் உள்ளிட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் மூவர் சார்பில் மேஜர் லீக் மீதே வழக்குப் போட்டார். குறைந்தபட்சக் கூலியாவது கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. 2018-இல் 2,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அரசுச் செலவு மசோதாவுக்குள் ஒரு பிரிவை நுழைத்து, மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குக் கூடுதல் நேர ஊதியம் பொருந்தாது என்று சட்டமாக்கிவிட்டார்கள். நீதிமன்றத்தில், முகாமில் இருப்பவர்கள் பயிற்சி பெறுபவர்களே தவிர ஊழியர்கள் அல்ல என்று வாதாடினார்கள். ரேடார் கருவியோடு அந்த இருக்கைகளில் உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பார்த்த யாராலும் இதை ஏற்க முடியாது. 2022 மார்ச்சில் நீதிபதியும் ஏற்கவில்லை. அதே ஆண்டு 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. செப்டம்பரில் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் மேஜர் லீக் ஆட்டக்காரர் சங்கத்தில் சேர்ந்தார்கள். அதற்கு அடித்தளம் போட்ட அமைப்பை நடத்திய ஹாரி மரினோவும் மைனர் லீக்கில் எறிந்துவிட்டு வழக்கறிஞர் ஆனவர்தான்.

2023-இல் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்காகச் சங்கமும் மேஜர் லீக்கும் செய்துகொண்ட முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தது. சிங்கிள் ஏ-வில் ஆண்டுக்கு 11,000 டாலராக இருந்தது 26,200 ஆனது. டபுள் ஏ 13,800-இலிருந்து 30,250, ட்ரிபிள் ஏ 17,500-இலிருந்து 35,800. அமெரிக்காவில் இது வசதியான வருமானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கடன் வாங்காமல் வாடகை கட்டலாம், முட்டையும் கறியும் வாங்கிச் சாப்பிடலாம். எறிகிற கைக்கு அது முக்கியம்.

இதற்குச் சங்கம் ஒரு விலையும் கொடுத்தது. ஓர் அணி தன்கீழ் வைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர் வரம்பு 180-இலிருந்து 165 ஆகக் குறைந்தது. 180 பேர் பட்டினி கிடப்பதைவிட 165 பேர் ஒழுங்காகச் சாப்பிடுவது மேல் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வெளியே போகிற அந்தப் பதினைந்து பேரில் முதல் ஆள், ரிங்குவைப் போலத் தாமதமாக வந்து மெதுவாகக் கற்றுக்கொள்ளும் ஒரு பிட்சராக இருக்கக்கூடும். அந்த வருத்தமும் எனக்கு உண்டு.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. பதினாறு வயதிலேயே ஒப்பந்தமாகி டொமினிகன் குடியரசில் உள்ள சம்மர் லீக்கில் ஆடும் பையன்கள் இந்தக் கூட்டு ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. அடுத்த முறை பேஸ்பால் பற்றி எழுதும்போது அவர்கள் வாங்கும் சம்பளத்தை விசாரித்து எழுதுங்கள். ரிங்குவிடமும் தினேஷிடமும் பேச முடிந்தால், அந்த ஆண்டுகளில் என்ன சாப்பிட்டார்கள், எங்கே தங்கினார்கள், வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடிந்தது என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்,
டர்ஹம், வட கரோலினா