அளவு எடுக்கும் முன் ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நம் வீராங்கனைப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு நீ எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய கதையை நேற்று இரவு தையல் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து வாசித்தேன். ஹட்டனில் விடாத மழை, கரண்ட் வேறு இரண்டு முறை போய் வந்தது. போனில் சார்ஜ் இருந்தவரை வாசித்து, மிச்சத்தைக் காலையில் முடித்தேன். பதிலை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்தது எப்போ டெய்லர் அண்ணே?" என்று கடைக்கு வந்து கேட்காத ஆள் இல்லை. அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். கோபப்படாதே.

முதல் படம் ஏன் எல்லோருக்கும் பிடித்தது? குளவியால். தேயிலை மலையில் குளவி கலைந்தால் என்ன ஆகும் என்று லயத்து வரிசை வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொட்டுப்பட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். அதே குளவி கொட்டித்தான் ஒருத்திக்குப் பலம் வருகிறது என்று வைத்தாய் பார், அங்கேயே பாதி வேலை முடிந்தது. மீதி, அவளுடைய உடை. கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியில் வெட்டிய மேலங்கி, தலைத்துணியில் முகமூடி. நான் தைத்தேன் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

இப்போது இரண்டாம் பாகத்தில் அவள் பறக்கிறாள். கண்ணிலிருந்து வெளிச்சம் வருகிறது. மூன்று வில்லன்கள், ஒரு ஹெலிகாப்டர், மேல் கொத்மலை அணை மேல் சண்டை, அவளுக்குப் பளபளவென்று புது உடை. என்னவெல்லாம் சேர்க்கலாம் என்று ராத்திரி பகலாக யோசித்திருக்கிறாய். அவளிடமிருந்து எதைப் பிடுங்கலாம் என்று ஒரு இடத்திலும் யோசிக்கவில்லை.

ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகம் 2004இல் வந்தது. எல்லோருக்கும் அதில் ரயில் சண்டை ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருப்பது, காசு போட்டு மெஷினில் துணி துவைக்கிற கடை. தன் வீர உடையை மற்ற உடுப்புகளோடு சேர்த்துப் போட்டுவிடுவான். சாயம் இறங்கி வெள்ளைத் துணியெல்லாம் நாசம். தையல்காரன் என்பதால் முதலில் சிரித்தேன், அப்புறம் யோசித்தேன். முதல் பாகத்தில் பெருமையாகப் போட்ட சட்டை, அடுத்த பாகத்தில் வீட்டுத் தொல்லையாகிவிட்டது. வாடகை கட்ட முடியவில்லை, வகுப்புக்குப் பிந்திப் போகிறான், பீட்சா கொண்டுபோகும் வேலையும் பறிபோகிறது. ஒரு கட்டத்தில் அந்த உடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடக்கிறான். பிறகு ரயிலை நிறுத்தி மயங்கி விழும்போது முகத்தில் முகமூடி இல்லை. இவ்வளவு சின்னப் பையனா என்று பயணிகள் பார்க்கிறார்கள். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். எந்த ஹெலிகாப்டர் அந்த இடத்துக்கு ஈடாகும்?

2008இல் வந்த பேட்மேன் படத்திலும் ஒரு தையல் சங்கதி உண்டு. பழைய உடையில் அவனால் கழுத்தைத் திருப்ப முடியாது. புதிதாக ஒன்று கேட்கிறான். செய்து கொடுக்கிற பெரியவர் எச்சரித்துத்தான் கொடுக்கிறார்: தகடுகளைப் பிரித்திருப்பதால் லேசாக அசையலாம், ஆனால் அந்த இடைவெளியில் கத்தியும் குண்டும் இறங்கும். என் கடைக்கு வருகிறவர்களிடம் நானும் அதைத்தான் சொல்கிறேன். இடுப்பில் லூசாக வேண்டுமென்றால் தையலில் பிடிமானம் குறையும்.

வில்லன் விஷயத்துக்கு வருகிறேன். 2021இல் வந்த 'மின்னல் முரளி' மலையாளப் படத்தை, நாயகனே தையல்காரன் என்பதால் மூன்று தடவை பார்த்தேன். அவன்மேல் விழுந்த மின்னல் அதே இரவில் அதே ஊரில் இன்னொருவன் மேலும் விழுகிறது. அந்த மற்றவனாக வரும் குரு சோமசுந்தரத்தைப் பார்க்கும்போது வில்லன் என்று வெறுக்கவே மனம் வராது. உன் மூன்று வில்லன்களில் இருவர் கொழும்பிலிருந்து வருகிறார்கள். மூன்றாமவன் எங்கிருந்து வருகிறான் என்று நீ எழுதவே இல்லை.

முதல் படத்திலேயே உனக்கு வில்லன் கிடைத்துவிட்டான், நீதான் கவனிக்கவில்லை. பெரிய கைதட்டல் விழுந்த இடம் எது? கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அவள் கொழுந்தைத் தராசில் போட, முள் 60 கிலோவைத் தாண்டும். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை வாயைப் பிளப்பார். நம் பெண்கள் விசில் அடித்தார்கள், என் அக்கா, அதாவது உன் அம்மா, உட்பட. சரி, மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் என்ன நடந்திருக்கும்? நாளுக்கு 18 கிலோ எடுத்தாக வேண்டும், அதுதான் நோர்ம். அது குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். "ஒருத்தி 60 எடுக்கிறா, மத்தவங்களுக்கு என்ன வந்துச்சு? நாளையிலிருந்து 25" என்பார் அதே கணக்கப்பிள்ளை. அவ்வளவுதான். அந்த ஆளிடம் ஹெலிகாப்டர் கிடையாது. ஒரு பேனையும், பேர் பதிகிற செக்ரோல் புத்தகமும் போதும்.

இது கற்பனை என்று யாரும் சொல்லப்போவதில்லை. 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபா ஆனபோது பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டியதும் அதை எதிர்த்துப் பெண்கள் மலைக்குப் போகாமல் நின்றதும் நம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அவள் யாரை அடிப்பாள் இப்போது? பக்கத்து நிரையில் முட்டிவலியோடு நிற்கிற அக்காவுக்கு 18ஐ எட்டவே மூச்சு வாங்கும். அவளுக்கு அரைப்பேர் விழக் காரணம் நம் வீராங்கனை. அப்போதுதான் படம் தொடங்குகிறது. இனி அவள் வேண்டுமென்றே மெதுவாக எடுக்க வேண்டும். விரல் துடிக்கும், அடக்க வேண்டும். மிஞ்சிய கொழுந்தை யாரும் பார்க்காத நேரத்தில் அடுத்தவர் பைகளில் அள்ளிப் போடுவாள். ஒருநாள் அகப்படுவாள், அதுவும் அந்த அக்காவிடமே. அந்த இரண்டு பேரையும் மடுவத்துக்குப் பின்னால் நிற்க வைத்து, பத்து நிமிடம் பேச விடு. என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது, உன் அம்மாவிடம் கேள்.

ஆங்கிலப் படம் பார்த்துத்தான் மாமா இப்படிப் பேசுகிறார் என்று நினைக்காதே. மாசி பிறந்தால், மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்துக்கு உடுப்புத் தைக்கிறவன் நான். மதன் எரியப் போகிறான் என்பது பார்க்க வந்த அத்தனை பேருக்கும் தெரியும். போன வருடமும் எரிந்தான், அதற்கு முந்தின வருடமும் எரிந்தான். இருந்தும் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். இந்த வருடம் அம்பு கூடுதல் தூரம் பாயுமா என்று பார்க்கவா போகிறோம்? போகாதே என்று ரதி மறிப்பதையும், பிறகு அவள் அழுவதையும் கேட்கப் போகிறோம். கடைசியில் மதனுக்கு உயிர் திரும்புகிறது, ஆனால் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். வரம் கொடுக்கும்போதே ஒரு முடிச்சுப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

நாயகியாக நடித்த பிள்ளை இப்போது கொழும்பில் கார்மென்ட் வேலைக்குப் போய்விட்டாள், அதனால் முகமூடிக்குள் வேறு பிள்ளையைப் போடலாம் என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறாய். வேண்டாம். நடையில் தெரிந்துவிடும், தோளில் தெரிந்துவிடும். அவள் போனதையே கதையாக்கு. தான் இருந்தால் நோர்ம் இறங்காது என்று ஊரைவிட்டுப் போனவள், லீவில் வீட்டுக்கு வருகிறாள். அவள் யார் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த முட்டிவலி அக்கா.

தைப்பொங்கல் லீவில் ஷூட்டிங் வை. காலையில் பனி கிடைக்கும், மழைத் தொல்லை குறைவு. சிவனொளிபாத மலை யாத்திரை சீசனும் அப்போது நடக்கும். அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை எரிகிற விளக்கு வரிசையைத் தூரத்தில் வைத்து இரவுக் காட்சியை எடு, வாடகை இல்லாத லைட். அணை மேல் சண்டையை விட்டுவிடு. அங்கே உன்னை யார் விடப் போகிறார்கள்? அதற்குப் பதில் தலவாக்கலைப் பக்கம் சென்கிளேயர் அருவிக்குப் போ. அணை வந்தபின் தண்ணீர் மெலிந்து நிற்கிறது. அதன் முன்னால் அவளைச் சும்மா உட்கார வைத்தாலே போதும், வசனம் தேவைப்படாது.

பளபளப்பு உடையை நான் தைக்க மாட்டேன். பழையது கடையில் ஆணியில்தான் தொங்குகிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையில் மாட்டி முழங்கைப் பக்கம் கிழிந்திருக்கிறது. அந்த அக்காவாக நடிக்கிறவரின் படங்கிலிருந்து ஒரு துண்டு வெட்டி அங்கே ஒட்டுப் போடலாம் என்று இருக்கிறேன், நிறம் சேராது, சேரவும் வேண்டாம். கொழுந்துக் கறையைத் துவைக்கவில்லை, நீயும் துவைத்துவிடாதே.

பொங்கலுக்கு அவள் வந்ததும் கடைக்குக் கூட்டி வா. கொழும்புச் சாப்பாட்டில் மெலிந்திருப்பாள், தோளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும். வரும்போது போன படத்து ஜிப் காசையும் மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
மாமா
ஹட்டன்