இடைக்கால ஏற்பாடு யாருக்கு வசதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

காவல் துறைச் சீர்திருத்தம் பற்றிய உங்கள் கட்டுரையில், "புதிய அமைப்பு வரும்வரை இப்போதிருக்கும் முறையே தொடர்வதில் தவறில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் ஒருமுறையாவது போலீஸ்காரர் மேல் புகார் மனுவோடு போய் நின்றிருந்தால் இந்த வரி வந்திருக்காது.

இப்போதிருக்கும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. காவல் துறைச் சீர்திருத்தம் கேட்டு முன்னாள் டி.ஜி.பி. பிரகாஷ் சிங் போட்ட வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுகளே இடைக்கால ஏற்பாடுதான். சட்டம் இயற்றும்வரை செல்லும் என்றார்கள். அதன்படி போலீஸ்காரர்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் புகார் ஆணையத்துக்கு மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதிதான் தலைவர். தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றியது. நீதிபதி போய்விட்டார். மாநிலத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்துக்கு கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். இன்ஸ்பெக்டர் மேல் புகார் என்றால் அவருடைய எஸ்.பி.யே உட்கார்ந்து விசாரிப்பார். இந்த அழகுக்கும் 2019 வரை ஆணையத்தை அமைக்கவில்லை. பக்கத்துக் கேரளம் 2011 சட்டத்திலேயே நீதிபதிகளை வைத்துவிட்டது.

என் மகனை வாகனச் சோதனையில் ஒரு எஸ்.ஐ. அறைந்தார். ஹெல்மெட், லைசென்ஸ் எல்லாம் இருந்தது, "ஏன் சார்?" என்று கேட்டதுதான் குற்றம். எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அது 'தக்க நடவடிக்கைக்காக' இறங்கி இறங்கி அதே நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டவரும் அதே எஸ்.ஐ.தான். டீ வாங்கிக் கொடுத்தார், மரியாதைக்குக் குறைவில்லை. அப்புறம் வெள்ளைத்தாளை நீட்டி, "மேல் நடவடிக்கை தேவையில்லைன்னு எழுதிக் குடுங்க சார். தம்பி பாஸ்போர்ட் எடுத்தா வெரிஃபிகேஷனுக்கு இங்கதான வரணும்?" என்றார். எழுதிக் கொடுத்தேன். அன்று அங்கே கேமரா ரிப்பேராம். தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளத்துக்குப் பிறகு, 2020 டிசம்பரில், காவல் நிலையக் கேமரா பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவுபடுத்தும் துணிச்சல் எனக்கு இல்லை.

2024 ஜூலை 1இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை மாற்றியபோது, நிலுவையில் இருக்கும் விசாரணைகள் பழைய சட்டப்படியே தொடரும் என்று புதிய சட்டத்தின் 531ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். வேண்டுமென்றால் எழுதத் தெரிகிறது. சரி, நாளை புகார் ஆணையம் மாறினால் பழைய மனுக்கள் யார் கைக்குப் போகும்? எஸ்.பி. உட்கார்ந்து முடித்துவைத்தவற்றை மறுபடி திறக்க முடியுமா? என்னைப் போல எழுதிக் கொடுத்தவர்களின் தாளுக்கு என்ன மதிப்பு? கட்டுரையில் இதைப் பற்றி மூச்சு இல்லை. 'தொலைந்த செல்போன்களை மீட்டு ஒப்படைத்தது போலீஸ்' என்றால் மட்டும் நான்கு பத்தி அகலத்துக்குப் படம் போடுகிறீர்கள். சென்ற முறை நான் எழுதிய கடிதத்தில் போலீஸ் பற்றிய பத்தியை மட்டும் கத்தரித்தீர்கள். இடப் பற்றாக்குறை என்று நம்பிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் நிருபர் ஒருவரைக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பி, மாவட்டப் புகார் ஆணையத்துக்கான மனுவை எந்த அறையில் வாங்குகிறார்கள், ரசீது தருகிறார்களா என்று விசாரித்து, அந்த முகவரியை வெளியிடுங்கள். நான்கு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர்