கராஜில் கிடந்த நோட்டு

கயல் கண்ணு,

சனிக்கிழமை கராஜைச் சுத்தம் பண்ணும்போது தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் பள்ளி, அதுதான் நம் டி.ஜே., அதன் நுழைவுத் தேர்வுக்கு நீ எட்டாம் வகுப்பில் போட்ட பயிற்சி நோட்டு ஒன்று அகப்பட்டது. எதிர்வீட்டுப் பையனுக்கு ஆகுமா என்று பார்த்தேன். "அந்த டெஸ்டே இப்ப இல்லையே ஆன்ட்டி, கட்டுரைக்கு ஏதாவது இருக்கா?" என்றான். தேர்வு போயும் டியூஷன் போகவில்லை, பார்.

போன மாதம் நீ போனில் கேட்டாயே, "டி.ஜே.க்கு நான் என் மூளையால போனேனா, உங்க காசால போனேனா" என்று. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துப் போனது இதற்காவது ஆகட்டும், மெதுவாகப் படி.

1994ல் அருப்புக்கோட்டையில் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்தேன். பொறியியலுக்கு அப்போது மொத்தம் 300: கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, நுழைவுத் தேர்வு 100. முதல் இருநூறில் மதுரைப் பிள்ளைகளுக்கு நான் சளைத்தவள் இல்லை. மூன்றாவது நூறில்தான் அடி வாங்கினேன். அதற்கு மதுரையில் தங்கி கோச்சிங் போக வேண்டும். தாத்தாவிடம் இருந்தது இரண்டு தறி. உன் மாமா பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு வினாத்தொகுப்பு வாங்கி வந்தான், பாதிப் பக்கத்தில் யாரோ விடையை டிக் அடித்திருந்தார்கள். பி.சி. ஒதுக்கீடு இருந்ததால் இடம் கிடைத்தது. 2007ல் தமிழ்நாட்டில் அந்த நுழைவுத் தேர்வை ரத்து செய்தபோது, இங்கே அமெரிக்காவில் ஃபேர்ஃபாக்ஸ் அபார்ட்மென்டில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

அதே நான் 2020ல், டி.ஜே. தேர்வை ரத்து செய்யாதே என்று அட்டை பிடித்து நின்றேன். உனக்குத் தெரியும், நீதான் போட்டோ எடுத்தாய்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ராத்திரி பகலாகப் படித்த பிள்ளைகளை ஏதோ திருடினவர்கள் மாதிரிப் பேசினார்கள். தேர்வு போய்ப் புது முறை வந்ததும், இடம் கிடைத்தவர்களில் ஆசியப் பிள்ளைகள் 73 சதவீதம் இருந்தது அடுத்த வருஷமே 54 ஆனது. பெற்றோர் போட்ட வழக்கில் 2022ல் கீழ்க்கோர்ட்டு புது முறை பாரபட்சம் என்றது, 2023ல் மேல்முறையீட்டில் மூவரில் இருவர் இல்லை என்றார்கள், 2024 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கையே எடுக்க மறுத்துவிட்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று இழவு வீடுதான்.

அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பைப் பிறகு ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். அதில் ஓர் எண். பழைய முறையின் கடைசி வருஷத்தில் இடம் கிடைத்த ஆசியப் பிள்ளைகளில் ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்றே ஒன்று. புது முறையில் 51. ஆசியர்களுக்காகக் கத்தினோமே, இவர்கள் யாராம்? பாத்திரம் கழுவுகிறவர், நகம் திருத்தும் கடையில் நிற்கிறவள் பெற்ற பிள்ளைகள். நம் குழுவில் அவர்கள் ஒருவரும் இல்லை. தறிக்காரர் மகள் நான் இருந்தேன், ஆனால் அட்டையைப் பிடித்துக்கொண்டு.

புது முறை சுத்தம் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எண்ணிக்கையில் ஒன்றரை சதவீதம் இடம் என்கிறார்கள். பெயர், இனம் பார்க்காமல் மதிப்பெண்ணையும் கட்டுரையையும் பார்க்கிறார்கள். சரி. ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளை சாதாரணப் பள்ளியில் படித்தால் அதற்கு லாபம். கார்சன் மாதிரிப் போட்டி மிகுந்த பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல் புள்ளி உண்டு, ஆனால் கோச்சிங் போனவர்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். நம் ஊரில் 2020ல் மருத்துவத்துக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தபோது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று கட்டிப் போட்டார்கள். கடைசி வருஷம் பள்ளி மாற்றி நுழைய முடியாது. அந்தச் சாமர்த்தியம் இங்கே இல்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் மூளையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான்கு வருஷம் அங்கே தாக்குப்பிடித்தது நீ. ஆனால் வாசல் வரை உன்னைக் கொண்டுபோய் விட்டது எங்கள் காசு. இரண்டு மாத வீட்டுத் தவணை அளவுக்கு அந்த கோச்சிங்குக்குக் கட்டினோம்.

அதுகூட எனக்கு உறுத்தவில்லை. உறுத்துவது தேர்வு முடிந்த அன்று காரில் நடந்தது. கணக்குப் பகுதிக்கு மாதிரி வினாத்தாள்கூட வெளியிடாத தேர்வு. கணக்கு எப்படி வந்தது என்று கேட்டுச் சொல்லச் சொல்லி கோச்சிங்கிலிருந்து போன் வந்தது. நீ, "சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "அவங்க நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க, சொல்லு" என்று அதட்டினேன். இரண்டு கணக்கு சொன்னாய். வீடு வரும்வரை பேசவில்லை. பதின்மூன்று வயசு உனக்கு.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டு கணக்கும் என் கையெழுத்தில் இருக்கின்றன. எதிர்வீட்டுக்குக் கொடுக்கவில்லை. கிழித்துப் போடவும் கை வரவில்லை. உன் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். நன்றிகூறல் விடுமுறைக்கு வரும்போது நீயே முடிவு பண்ணு.

பருப்புப்பொடி பார்சல் போட்டாயிற்று. வந்ததும் சொல்லு.

அம்மா