12,000 கொகு என்பது பிரபுவின் வருமானம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பானின் தஹாரா குறுநிலத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஜப்பான் என்றாலே பர்மாத் தமிழர் வீடுகளில் 1942 படையெடுப்புதான் பேச்சாகும். அதற்கு முந்தைய ஜப்பானை எழுத ஒருவர் முன்வந்ததே நல்ல காரியம். ஆனால் கட்டுரையின் கணக்கு அடியோடு தவறு. பெகு, தாட்டோன், மோல்மேன் பக்கத்தில் நெல்லோடு புழங்கும் வாசகர்கள் பலர் படிக்கும் பத்திரிகையில் நெல் கணக்கே பிசகி வரலாமா?

தஹாராவை ஆண்ட மியாகே குடும்பம் "ஆண்டுக்கு 12,000 கொகு அரிசி வாங்கிச் செல்வச் செழிப்பில் வாழ்ந்தது" என்கிறார் கட்டுரையாளர். 12,000 கொகு என்பது அந்த நிலப்பகுதி மொத்தமும் விளைவிக்கும் என்று ஏட்டில் எழுதிவைத்த மதிப்பு. பிரபுவின் கைக்கு வந்த அரிசி வேறு.

கொகு என்பது ஜப்பானிய முகத்தல் அளவை. அதற்குக் கீழான படிகளில் சொன்னால் 10 தோ, 100 ஷோ, 1,000 கோ. கொள்ளளவில் சுமார் 180 லிட்டர். உமி நீக்கித் தவிடு நீக்காத அரிசியாக நிறுத்தால் ஏறத்தாழ 150 கிலோ. நம் அரிசிக் கூடை 75 ராத்தல் என்று வைத்தால் ஒரு கொகு நாலரைக் கூடைக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஆள் ஓர் ஆண்டு உண்ணும் அரிசி என்பது அதற்குச் சொல்லப்படும் பொது அளவு.

இந்த மதிப்பு எப்படி வந்தது? 1582 முதல் 1598 வரை, அப்போது ஜப்பானைத் தன் கீழ் ஒன்றாக்கிய படைத்தலைவர் ஹிதெயோஷி நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் செய்தார். அளவுகோலும் படியும் ஊருக்கு ஊர் மாறாமல் ஒன்றாக்கப்பட்டன. அதுவரை 360 சதுரக் கோலாக இருந்த 'தன்' என்ற நில அளவு 300 ஆகச் சுருங்கியது. வயல்கள் தரம் பிரிக்கப்பட்டன. முதல் தர வயலுக்கு ஒரு தன்னுக்கு ஒன்றரை கொகு, இரண்டாம் தரத்துக்கு 1.3, மூன்றாம் தரத்துக்கு 1.1 என்று விளைச்சல் குறித்தார்கள். நம் கணக்குக்கு மாற்றினால் முதல் தர வயல் ஏக்கருக்கு 50 முதல் 55 கூடை நெல். உரக்கடை இல்லாத காலத்தில் இது குறைந்த விளைச்சல் அல்ல. நெல் விளையாத மேட்டுக் காடு, வீட்டுமனை எல்லாவற்றையும்கூட அரிசியாக மாற்றியே ஏட்டில் ஏற்றினார்கள். ஆகவே 12,000 கொகு என்றதும் அத்தனையும் களத்தில் குவிந்த அரிசி என்று எண்ணக் கூடாது.

அதில் வரி, "நாலு அரசுக்கு, ஆறு குடிக்கு" என்ற விகிதத்திலிருந்து சரிபாதி வரை போகும். நாலில் வைத்தாலும் 12,000க்கு 4,800 கொகுதான் வரும். அதிலும் பாதிக்குக் குறையாமல் சாமுராய்களின் சம்பளத்துக்குப் போய்விட்டதென்று வையுங்கள். மிச்சம் 2,400. கோட்டைப் பராமரிப்பு, தலைநகரான எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்த மாளிகைகள், பயணம், கடன் வட்டி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். வழக்கமான விகிதங்களை வைத்து நான் போட்ட கணக்கு இது. தஹாராவின் பேரேட்டிலிருந்து எடுத்ததல்ல. ஆனால் 10,000 கொகுவைச் சற்றே தாண்டிய எந்தக் குறுநிலத்துக்கும் ஏறக்குறைய இதே நெருக்கடிதான்.

10,000 கொகுதான் எல்லைக்கோடு. அதைத் தொட்டால் 'டைமியோ', அதாவது குறுநிலப் பிரபு, என்ற தகுதி. தொடாவிட்டால் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் நேரடிப் பணியாளர் வரிசையோடு சரி. 5,000 கொகுவை வைத்துக்கொண்டு குலப்பெருமையால் டைமியோவாக மதிக்கப்பட்ட கித்சுரெகவா குடும்பம் ஒரு விதிவிலக்கு. தகுதி வந்ததும் செலவும் கூடவே வரும். 1635 முதல் வெளிப் பிரபுக்களுக்கும், 1642 முதல் ஷோகுன் வீட்டின் பரம்பரை ஊழியர்களான மியாகே போன்ற உட்பிரபுக்களுக்கும் எடோவில் முறைவைத்துத் தங்குவது கட்டாயம். மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவில்தான் இருக்க வேண்டும். தஹாரா இருப்பது மிகாவா நாட்டின் அட்சுமி தீபகற்பத்தில். இன்றைய ஐச்சி மாநிலம். அங்கிருந்து எடோவுக்குச் சுமார் 300 கிலோமீட்டர். பரிவாரத்தோடு போய்வர வேண்டும். பெரிய பிரபுக்களுக்கே வருமானத்தில் பாதிக்குமேல் எடோவில் கரைந்தது என்றால் சிறியவர்கள் கதி என்னவாக இருக்கும்!

அரிசியைக் காசாக்கும் இடத்தில் அடுத்த அடி. எடோவில் கூலிக்கும் துணிக்கும் எண்ணெய்க்கும் கொடுக்க வேண்டியது காசு. அரிசிக்குப் பெரிய சந்தை ஒசாகா. அங்குள்ள டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730ல் ஷோகுன் அரசின் அங்கீகாரம் கிடைத்தது. ஒரு கொகு ஏறத்தாழ ஒரு ரியோ பொற்காசு என்பது பேச்சுக்குச் சொல்லும் விலை. நல்ல விளைச்சல் ஆண்டில் அரிசி விலை சரியும், மற்றச் சாமான் விலை சரியாது. அறுவடைக்கு முன்பே வருகிற அரிசியைக் காட்டி வணிகரிடம் கடன் வாங்குவது பிரபுக்களிடையே சகஜமானது. செட்டியார் கிட்டங்கிப் பேரேடுகளையும் 1930 நெல் விலைச் சரிவையும் கேள்விப்பட்ட நம்மவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே கடன்பட்ட குடியானவன் நிலத்தை இழந்தான். அங்கே கடன்பட்டவர் பிரபு. நிலத்தை ஜப்தி செய்ய முடியாது. அதனால் சுமை கீழே இறங்கியது. சாமுராய் சம்பளத்தில் ஒரு பகுதியை "இரவல்" என்று பிடித்து வைப்பார்கள்; பெரும்பாலும் அது திரும்பி வராது.

வதனபே கசானின் வாழ்க்கையில் இதை நேராகப் பார்க்கலாம். கட்டுரை அவரை "அரண்மனை ஓவியர்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. 1793ல் எடோவிலிருந்த தஹாரா மாளிகையில், நல்ல அந்தஸ்துள்ள சாமுராய் வீட்டில் பிறந்தவர். அப்பா நோயாளி, சம்பளம் முழுதாகக் கைக்கு வராது. தம்பி தங்கைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். சிறுவயதில் விளக்குக் காகிதத்தில் படம் வரைந்து காசு சம்பாதித்தவர் அவர். வாளேந்திய வீரர் என்று சினிமாவில் பார்க்கிறோம். நிஜத்தில் இந்தக் குறுநிலங்களின் சாமுராய்களில் பெரும்பாலோர் கணக்குப்பிள்ளை, களஞ்சியக் காவல், ஏடு நகல் எடுப்பவர் என்றே காலம் தள்ளினார்கள்.

1827ல் பிரபு மியாகே யசுவாகி வாரிசில்லாமல் இறந்தார். தம்பி தொமொனொபு இருந்தும், ஹிமேஜியை ஆண்ட பணக்கார சகாய் குடும்பத்துப் பையனைச் சீதனப் பணத்தோடு சுவீகாரம் எடுத்தார்கள். கசான் எதிர்த்தார், பலிக்கவில்லை. இப்படிப்பட்ட சுவீகாரத்தைக் "குடும்ப விவகாரம்" என்று கட்டுரையாளர் எழுதுவது பொருந்தாது. பேரேட்டு ஓட்டையை அடைக்க எடுத்த முடிவு அது.

1832ல் கசான் மூத்த அமைச்சர்களில் ஒருவரானார். பரம்பரைப்படி தந்த சம்பளத்தைப் பதவிப்படி தருமாறு மாற்ற முயன்றார். சாமுராய் வீடுகளில் இதற்கு வரவேற்பு இருந்திருக்குமா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1834ல் ஓக்குரா நகட்சுனே என்ற வேளாண் அறிஞரைத் தஹாராவுக்கு அழைத்து வந்தார். கட்டுரையில் இவர் பெயரே இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. கரும்பு, மெழுகு மரம் போன்ற காசுப் பயிர்களைப் பரப்ப வந்தவர் அவர். அதற்கு முன்பே, 1826ல், தத்துப்பூச்சியை ஒழிப்பது பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். நம்மூரில் புகையான் என்று சொல்கிறோமே, அந்த இனம். 1732ல் மேற்கு ஜப்பானில் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதுவே.

அவர் சொன்ன வழி திமிங்கில எண்ணெய். வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். எண்ணெயைத் துளித்துளியாக விட்டால் அது தண்ணீர்மேல் ஏடாகப் பரவும். பிறகு பயிரைத் தட்டியோ துடைப்பத்தால் தண்ணீரை வாரி அடித்தோ தூரில் இருக்கும் பூச்சியைக் கீழே விழவைக்க வேண்டும். விழுந்த பூச்சியின் சுவாசத் துளைகளை எண்ணெய் அடைத்துவிடும். தண்ணீர் வற்றிய வயலில் இது பலிக்காது. பயிரைத் தட்டாமல் எண்ணெயை மட்டும் விட்டாலும் வீண், பூச்சி தூரிலேயே உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். திமிங்கில எண்ணெயை விலைகொடுத்து வாங்க வேண்டும் என்பதால் ஏழைக் குடியானவனுக்கு இது எளிதும் அல்ல.

இரண்டாவது பெரிய பிழை பஞ்சத்தைப் பற்றியது. "பஞ்சம் வந்தபோது பிரபு மனமிரங்கிக் களஞ்சியத்தைத் திறந்தார்" என்கிறது கட்டுரை. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தஹாராவின் ஹோமின்சோ களஞ்சியம் கட்டப்பட்டது 1835ல். கடும் பஞ்சம் 1836-37ல். முன்கூட்டிச் சேர்த்த தானியம் இருந்ததால்தான் திறக்க ஏதாவது இருந்தது. 1790 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு 10,000 கொகுவுக்கும் ஆண்டுக்கு 50 கொகு சேமிக்கும்படி ஷோகுன் அரசு பிரபுக்களுக்கு ஆணையிட்டது. 12,000 கொகு நிலத்துக்கு இது ஆண்டுக்கு 60, ஐந்து ஆண்டில் 300 கொகு. அரை வயிற்றுக் கஞ்சியாக ஊற்றினால் 600 பேருக்கு ஓர் ஆண்டு. இது போதாது என்பது கணக்குப் போட்டால் தெரியும்.

சேமிப்பதிலும் சூட்சுமம் உண்டு. நீண்ட நாள் இருப்புக்கு ஏற்றது நெல். உமி நீக்கிய அரிசியில் வண்டு சீக்கிரம் விழும், மழைக்காலத்தில் மக்கு வாடை ஏறும். நெல்லாகவே வைத்தால் இடம் இரட்டிப்பாக வேண்டும். ஒரு படி நெல்லுக்கு அரைப்படி அரிசி என்பதே அவர்கள் வைத்த கணக்கு. ஆண்டுதோறும் பழையதை எடுத்து விற்றுவிட்டுப் புது நெல் நிரப்ப வேண்டும். இருப்பு அழிவது பெரும்பாலும் இந்த மாற்றும் வேளையில்தான். விற்ற காசு கடனுக்குப் போய்விடும், புது நெல் வராது, ஏட்டில் மட்டும் களஞ்சியம் நிறைந்திருக்கும். எலியைவிடப் பெரிய எதிரி விலையேற்றம். வடகோடியில் இருந்த ஹிரோசாகி தஹாராவைவிடப் பல மடங்கு பெரிய நிலம். கடனை அடைக்க ஊரிலிருந்த அரிசியை எடோவுக்கும் ஒசாகாவுக்கும் கப்பலேற்றிவிட்டு, 1783ல் விளைச்சல் பொய்த்தபோது வெறுங்கையோடு நின்றது. அங்கே மாண்டவர்கள் 80,000க்கும் மேல்.

தஹாராவில் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கசான் எடோவில் நோயாகப் படுத்திருந்தார். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கைப்பட எழுதி, மாகி சதசிகா என்ற அதிகாரியிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். தஹாராவில் பட்டினிச் சாவு இல்லை என்று பதிவு. 1838ல் ஷோகுன் அரசின் பாராட்டும் வந்தது. அதே 1837ல் ஒசாகாவில், அரிசியை எடோவுக்கு ஏற்றிவிட்ட அதிகாரிகளை எதிர்த்து ஓஷியோ ஹெய்ஹாச்சிரோ கலகம் செய்தார். அவரே முன்னாள் காவல் அதிகாரி.

கசானின் முடிவைக் கட்டுரை ஓரளவு சரியாகவே சொல்கிறது. 1839ல் ஷோகுனின் வெளிநாட்டுக் கொள்கையை விமர்சித்ததற்காகக் கைதாகி, தஹாராவில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு, தம்மால் பிரபுவுக்குக் கேடு வரும் என்று அஞ்சி 1841ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விழுந்ததும் நகட்சுனேயும் தஹாராவை விட்டுப் போகவேண்டியதாயிற்று.

குறுநிலம் "1868ல் ஒழிந்தது" என்பதும் சரியல்ல. 1869ல் பிரபுக்கள் நிலத்தைப் பேரரசரிடம் ஒப்படைத்துவிட்டு, வரவில் பத்தில் ஒரு பங்கைக் குடும்பச் செலவுக்கு வைத்துக்கொண்டு ஆளுநராக நீடித்தார்கள். குறுநிலங்களையே கலைத்தது 1871ல். சாமுராய்களின் அரிசிச் சம்பளம் கடன் பத்திரமாக மாறியது 1876ல்.

கடைசியாகப் படம். தஹாரா கோட்டை என்று நீங்கள் அச்சிட்டிருக்கும் வெள்ளை நிற அடுக்குக் கோபுரம் ஹிமேஜி கோட்டை. சீதனம் கொண்டுவந்த பையனின் பிறந்த வீட்டார் ஊர் அது. தஹாராவில் இன்று இருப்பது அகழி, கற்சுவர், பின்னாளில் திரும்பக் கட்டிய வாயிலும் காவல்மாடமும், உள்ளே நகர அருங்காட்சியகம். படக்குறிப்பையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மோல்மேன்.